பாடசாலை ரக்பியில் டேக்கிள் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு ரோயல், கண்டி திரித்துவக் கல்லூரிகள் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதிவரும் நம் நாட்டில், பாடசாலை ரக்பி பற்றிய பேச்சு பெரும்பாலும் வெற்றி தோல்வியோடு நின்றுவிடுகிறது. தலையில் ஏற்படும் அதிர்ச்சிக் காயங்களில் பெரும்பகுதி டேக்கிளின்போதே, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும்போதே, நேர்கிறது என்பதும், பந்தோடு ஓடுபவரைவிடத் தடுப்பவரே அதில் அதிகம் அடிபடுகிறார் என்பதும் பெற்றோர் பலருக்குத் தெரியாது.

தடுக்க வரும் சிறுவன் பயத்தில் கண்ணை மூடித் தலையைத் தாழ்த்தினால், எதிரே வருபவரின் முழங்காலிலோ இடுப்பெலும்பிலோ அவனது நெற்றி மோதும். முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, முதுகை நேராக வைத்து, நாடியை உயர்த்தி, தலையை எதிராளியின் உடலுக்குக் குறுக்கே நீட்டாமல் பக்கவாட்டில் ஒதுக்கி, தோளைக் கொடுத்து இரு கைகளாலும் இறுகப் பற்றுவதை முதலில் முழந்தாளிட்டும், பிறகு நடந்தும், அதன் பின்னரே ஓடியும் பழக்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். போட்டி நெருங்குகிறது என்று அந்த நேரத்தைக் குறைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

இங்கிலாந்தின் சமூக மட்டப் போட்டிகளில் 2023-24 பருவகாலத்திலிருந்து மார்பெலும்பின் அடிப்பகுதிக்கு மேலே டேக்கிள் செய்ய அனுமதியில்லை. இங்கும், மேலே சொன்ன டேக்கிள் முறையைக் கற்பிக்கத் தகுதி பெற்ற பயிற்றுநரிடமே கனிஷ்ட அணிகள் ஒப்படைக்கப்படுவதைக் கல்வி அமைச்சு உறுதிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ரக்பி பயிற்றுநர் ஒருவர்,
கண்டி.