வரைபடத்தில் தெரியும் சமன்பாடு கணக்குக்கு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எக்செலில் டிரெண்ட்லைன் (புள்ளிகளின் போக்கைக் காட்டும் கோடு) போடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாலினாமியல் என்ற வளைகோட்டு வகையைத் தேர்ந்தெடுத்து, சமன்பாட்டைக் காட்டச் சொல்லி, அதை எடுத்துப் பயன்படுத்தலாம் என்று முடித்திருந்தார்கள். அந்தக் கடைசிப் படியில்தான் நான் ஒரு வாரம் வழுக்கி விழுந்து கிடந்தேன்.

எங்கள் அலுவலகத் தண்ணீர்ச் செலவை 2008 முதல் 2019 வரை ஆண்டுவாரியாக எழுதி, இரண்டாம் படி (ஆண்டின் வர்க்கம் வரை போகும்) வளைகோடு பொருத்தினேன். கோடு புள்ளிகளை உரசிக்கொண்டு போனது. பக்கத்தில் தெரிந்த சமன்பாட்டை எக்செலின் ஒரு கட்டத்துக்குள் அப்படியே தட்டி, 2018 என்று கொடுத்தேன். வந்தது 236. அந்த ஆண்டு நாங்கள் செலவழித்ததோ 412 கிலோலிட்டர். மூன்று முறை சரிபார்த்தேன், எழுத்துப்பிழை கூட இல்லை.

விஷயம் இதுதான்: கோட்டை வரைய எக்செல் கெழுக்களின் (சமன்பாட்டில் ஆண்டையும் அதன் வர்க்கத்தையும் பெருக்கும் எண்களின்) எல்லா இலக்கங்களையும் வைத்துக்கொள்கிறது, நமக்குக் காட்டும்போது சுருக்கிவிடுகிறது. நான்கு தசமத்தோடு நிறுத்தினால் 0.00005 வரை பிசகலாம். தூசு மாதிரிதான். ஆனால் அந்தத் தூசு 2018-இன் வர்க்கமான 40,72,324-ஆல் பெருக்கப்படும்போது 203-ஐத் தாண்டுகிறது!

சமன்பாட்டுப் பெட்டியின் எண் வடிவத்தில் தசம இலக்கங்களைக் கூட்டிக்கொள்ளலாம். கெழுக்களைக் கணக்கிடும் லைன்எஸ்ட் (LINEST) சூத்திரம் போட்டால் கெழுக்கள் முழுசாகவே கட்டங்களில் வந்து விழும். நான் இன்னும் சுலபமாக, எல்லா ஆண்டுகளிலிருந்தும் 2008-ஐக் கழித்துவிட்டேன். எண்கள் 0 முதல் 11 வரை சுருங்கியதும் பெட்டியில் இருந்ததே போதுமானதாகிவிட்டது. (வரைபடம் ஸ்கேட்டர், அதாவது புள்ளி வரைபடமாக இருக்கட்டும். லைன் வரைபடம் ஆண்டுகளை மதிக்காது, 1, 2, 3 என்று தானே எண்ணிக்கொள்ளும்.)

இதைப் பார்த்த சக ஊழியர் ஒருவர், கடைசி ஏழு ஆண்டுகளை மட்டும் எடுத்து, எக்செல் அனுமதிக்கும் உச்சமான ஆறாம் படியைப் போட்டு, ஆர்-ஸ்கொயர் (கோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1 வந்துவிட்டது என்று குதித்தார். ஏழு புள்ளிகளை ஆறாம் படி தொடாமல் வேறு என்ன செய்யும்? அடுத்த ஆண்டுக்கு நீட்டியபோது கோடு பூஜ்யத்துக்குக் கீழே பாய்ந்தது. குழாய்க்கு நாங்கள் தண்ணீர் கொடுப்போம் போல! சம இடைவெளிப் புள்ளிகளில் படியை ஏற்றிக்கொண்டே போனால் ஓரங்கள் துள்ளலாம் என்று 1901-லேயே ஜெர்மன் கணிதவியலாளர் கார்ல் ருங்கே காட்டியிருக்கிறார்.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில் இதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
அலுவலகக் கணக்கர் ஒருவர்