உலுருவில் என் அம்மாவைத் தாங்கிப் பிடித்தவருக்கு

ஆஸ்திரேலியாவின் நடுவே நிற்கும் பெரும் செம்பாறையான உலுருவில், அங்குள்ள பண்பாட்டு மையத்தின் வாசலில் வெயில் தாங்காமல் அம்மா தள்ளாடினார். நான் யாரையும் கூப்பிடுமுன் நீங்களாகவே ஓடி வந்தீர்கள், அக்கா. தோள் கொடுத்து நிழலில் உட்காரவைத்தீர்கள். ஈரத்துணியைப் பிடரியில் வைத்து, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தீர்கள்.

அதோடு போயிருக்கலாம். பக்கத்திலேயே அமர்ந்து கதை சொன்னீர்கள். தன் உடன்பிறந்தாரின் மகனைக் கொன்ற லிரு என்னும் நச்சுப்பாம்பு வீரர்களில் ஒருவனைப் பழிதீர்த்த குனியா என்ற மலைப்பாம்புப் பெண்ணின் கதை. அந்தச் சண்டையின் தழும்புகள் முட்டிஜுலு நீர்ச்சுனையருகே பாறையில் இருக்கின்றன என்றீர்கள். 1995இல் திறக்கப்பட்ட அந்தப் பண்பாட்டு மையத்தின் மண்செங்கல் கட்டடமே அவ்விரு பாம்புகளைக் குறிக்கிறது என்பதும் உங்களால்தான் தெரிந்தது. நான் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மாவின் முகத்தில் தெம்பு திரும்பியது.

அங்குள்ள பூர்வகுடிகளான உங்கள் அனங்கு மக்களிடம் அந்த நிலம் சட்டப்படி திரும்பி வந்ததே 1985இல்தான். பறிகொடுத்து மீட்ட மண்ணில், எங்கிருந்தோ வந்தவர்களை இப்படித் தாங்குவதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

பெயர் கேட்பதற்குள் அடுத்த குழுவினர் உங்களை அழைத்துச் சென்றுவிட்டார்கள். அம்மா நலமாக இருக்கிறார். குனியாவின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்களை அறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவரிடம் சேர்த்துவிடுங்கள்.