சக்ரே கேருக்குப் போற எங்கட ஆக்கள் உள்ளுக்கும் போகோணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட ஞாயிறு பத்திரிகையில வந்த பாரிஸ் பயணக் கட்டுரைய எங்கட வீட்டில எல்லாரும் மாறி மாறி வாசிச்சம், நல்லா எழுதியிரிக்காங்க. ஆனா மொன்மார்த் குன்றில இரிக்கிற திரு இருதய ஆண்டவர் பேராலயத்தப் பத்தி, எல்லாரும் சக்ரே கேர் எண்டு சொல்ற அந்த வெள்ளக் கோயிலப் பத்தி, ஒரே ஒரு பந்திதான் இரிந்திச்சு. படிக்கட்டில இரிந்து பாரிஸ் முழுக்கப் பாக்கலாம், போட்டோ எடுக்க நல்ல இடம், 1871ல பாரிஸ் சனங்கள் அரசாங்கத்த எதிர்த்து எழும்பின கம்யூன் கிளர்ச்சிய அடக்கினதுக்கு நினைவாக் கட்டினது, அவ்வளவுதான். அந்தக் குன்றுக்கும் மட்டக்களப்புக்கும் ஒரு தொடர்பு இரிக்கு, அத ஒருத்தரும் எழுதக் காணல்ல, அதுக்காகத்தான் இத எழுதுறன்.

என்ட தம்பி குடும்பம் பாரிஸில லா சப்பல் பக்கம் இரிக்காங்க. அங்க எங்கட ஆக்கள்ற கடைகள் எல்லாம் இரிக்கிற இடத்தில ரெண்டாம் நம்பர் மெட்ரோ ஏறினா பார்பெஸ், அடுத்தது அன்வேர், அங்க இறங்கி நிமிர்ந்து பாத்தா கோயில் தெரியும். அவ்வளவு கிட்ட. ஆனா வருசக்கணக்கா அங்க இரிக்கிற சொந்தக்காரரக் கேட்டா, ஊரிலயிரிந்து ஆள் வந்தா கூட்டிப்போய் படியில நிண்டு போட்டோ எடுத்துட்டு வாறம், உள்ளுக்குப் போனதில்ல எண்டுறாங்க. கோயிலுக்கு முதுகக் காட்டிக்கொண்டு நிண்டு எடுத்த போட்டோதான் எல்லாரிட போன்லயும் இரிக்கு. எனக்கு அது மனசுக்குப் பெரிய கஷ்டமாப் போச்சு.

முதல்ல கட்டுரையில வந்த அந்தக் கம்யூன் கதை. பிரான்ஸ் 1870ல பிரசியாவோட சண்டை பிடிச்சுத் தோத்துக்கொண்டு இரிக்கக்குள்ள லெஜோந்தி எண்டுற ஒருத்தர்தான் திரு இருதயத்துக்கு ஒரு கோயில் கட்டுவம் எண்டு நேர்த்தி வச்சவர், அது கம்யூனுக்கு முந்தி. ஆனா கட்டுறதுக்குத் தெரிஞ்செடுத்த இடம் இரிக்கே, 1871 மார்ச் 18ல சனங்கள் பீரங்கிகளத் தரமாட்டம் எண்டு ராணுவத்த மறிச்சு, ரெண்டு ஜெனரல்மார சுட்டு, கம்யூன் தொடங்கின அதே குன்று. மே மாசக் கடைசிக் கிழமையில பாரிஸ் தெருக்களில ராணுவம் ஆயிரக்கணக்கில ஆக்களக் கொன்னுபோட்டுது. 1873ல பாராளுமன்றம் சட்டம் போட்டு, 1875ல அடிக்கல் வச்சு அதே இடத்தில கோயில் எழும்பினா, செத்தவங்கட ஆக்களுக்கு எப்பிடி இரிந்திருக்கும்? அந்தக் கோவம் இன்னும் முழுசா அடங்கல்ல. 2022ல அத வரலாற்றுச் சின்னமாப் பதிஞ்ச நேரமும் பாரிஸில எதிர்த்துக் கதைச்சவங்க இரிக்காங்க. கோயிலுக்குக் கீழ சரிவில இரிக்கிற தோட்டத்துக்கு இப்ப லூயிஸ் மிஷேல்ட பேர், அவ மொன்மார்த்தில பள்ளிக்கூடம் படிப்பிச்சவ, கம்யூனில நிண்டதுக்காக அவவ நாடு கடத்தினாங்க. மேல கோயில், கீழ அவட பேர். ரெண்டு பக்கத்து நினைவையும் ஒரே குன்றில வச்சிருக்காங்க, எங்கட மண்ணில இரிந்து போறவங்க அதுல கொஞ்ச நேரம் நிண்டு யோசிக்கோணும் எண்டு நான் நினைக்கன்.

கோயில் கட்டின கதையும் சும்மா கதையில்ல. அந்தக் குன்று முழுக்க ஜிப்சம் தோண்டி எடுத்த சுரங்கம், மேல களிமண். பாரத்தத் தாங்காது எண்டு கிட்டத்தட்ட முப்பத்திமூண்டு மீற்றர் ஆழத்துக்குக் குழி குழியா இறக்கி நிரப்பித்தான் அத்திவாரம் போட்டாங்க. கோயிலுக்குப் பிளான் வரைஞ்சு குடுத்தவர் போல் அபாடி எண்டுற ஆள், அவர் 1884ல செத்துட்டார், மத்த ஆக்கள் பொறுப்பெடுத்து 1914 மட்டுக்கும் இழுபட்டு, மறுகா உலக யுத்தம் வந்து, 1919 அக்டோபரிலதான் அபிசேகம் பண்ணினாங்க. சுவர்க் கல்லு சாத்தோ லாண்டோன் எண்டுற ஊரில எடுத்தது, மழை பெய்யப் பெய்ய அதுக்குள்ள இருந்து ஒரு சுண்ணாம்புச் சத்து கசிஞ்சு கல்ல வெள்ளையாக்குமாம். எங்கட ஊரில மாரி முடிய கோயில் சுவரெல்லாம் பாசி பிடிச்சுக் கறுத்துப்போய் திருநாளுக்கு முந்தி சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற எங்களுக்கு அது பெரிய அதிசயம்தான்.

உள்ளுக்குப் போகக் காசு இல்ல, கோபுரத்துக்கு மேல ஏறத்தான் டிக்கெட், முன்னூறு படி வரும், முழங்கால் வருத்தம் உள்ளவங்க ஏறாதீங்க. அடிவாரத்தில இரிந்து ஏற ஏலாட்டி பக்கத்தில கேபிள்ல இழுக்கிற ரெயில் இரிக்கு, மெட்ரோ பாஸிலயே போகலாம். கீழ கையில நூல் கட்ட வாறவங்களுக்குக் கைய நீட்டாதீங்க, கட்டினாப் பிறகு காசு கேப்பாங்க. உள்ளுக்குப் போட்டோ எடுக்க விடமாட்டாங்க, அதுவும் நல்லதுதான்.

பீடத்துக்கு மேல கூரையில பெரிய மொசைக் படம், இயேசு ரெண்டு கையையும் விரிச்சபடி, நெஞ்சில பொன் இருதயம். எங்கட வீட்டு ஹோல்ல சிவப்பு பல்ப் போட்டு மாட்டியிரிக்கிற அதே திரு இருதய ஆண்டவர்தான், முதல் வெள்ளிக்கு நாங்க பூசைக்குப் போறதும் அவருக்குத்தான். கீழ பீடத்தில நற்கருணை, இயேசுட உடல் எண்டு நாங்க வணங்குற அப்பம். 1885 ஆகஸ்ட் 1ம் திகதி தொடங்கின ஆராதனை இரவு பகலா இண்டைக்கு வரைக்கும் நிண்டதில்ல, ஒருத்தர் எழும்பினா இன்னொருத்தர் வந்து முழங்காலில நிப்பாங்க. 1944 ஏப்ரலில பக்கத்தில குண்டு விழுந்து கண்ணாடி ஜன்னலெல்லாம் உடைஞ்ச ராவும் நிக்கல்லயாம். ஊரடங்கு நேரத்தில விளக்க நூத்துட்டு வீட்டுக்குள்ள குரல் வெளிய கேளாம செபமாலை சொன்னவங்க நாங்க, அந்த ராவு எப்பிடி இரிந்திருக்கும் எண்டு எங்களுக்கு விளங்கும். முன்கூட்டிப் பதிஞ்சா ராவில தங்கி ஒரு மணித்தியாலம் நாங்களும் முறை எடுக்கலாம். கத்தோலிக்கர்தான் எண்டு இல்ல, பொட்டு வச்ச எங்கட பொம்பிளைகளும் மெழுகுதிரி கொழுத்திட்டு அமைதியா இரிந்தத என்ட கண்ணாலயே கண்டன்.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம். பேராலயத்துக்குக் கீழ, அபெஸ் மெட்ரோவுக்குக் கிட்ட, இவோன் லு தாக் தெருவில ஒரு சின்னச் சிற்றாலயம் இரிக்கு. பழைய கட்டடம் பிரெஞ்சுப் புரட்சி நேரம் அழிஞ்சது, இப்ப இரிக்கிறது பிறகு கட்டினது. அந்த இடத்தில 1534 ஆகஸ்ட் 15ம் திகதி, மாதா திருநாளண்டு, பாரிஸில படிச்சுக்கொண்டிருந்த இஞ்ஞாசியாரும் சவேரியாரும் அவங்கட கூட்டாளிமாரும் ஏழு பேராச் சேந்து கடவுளுக்கு வாக்குக் குடுத்தாங்க. அதில பீற்றர் பேபர் மட்டும்தான் அப்ப குருவானவர், அவர்தான் பூசை வச்சவர். அதில இரிந்துதான் இயேசு சபை எண்டுற கத்தோலிக்கத் துறவிகள்ற சபை வந்தது. அந்தச் சபைதான் எங்கட பக்கம் வந்தது. 1893ல திருகோணமலை மேற்றிராசனம், அதாவது ஒரு ஆயருக்குக் கீழ வாற பகுதி, உண்டாகி, பிரான்ஸ் நாட்டு இயேசு சபைக் குருமார் வந்து, 1898ல லவீன் ஆண்டகை ஆயரா இருந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில பொனல் சுவாமி இரிந்தார், மறுகா அமெரிக்காவில இரிந்து சுவாமிமார் வந்தாங்க, அதில ஒருத்தர்தான் வெபர் சுவாமி. எங்கட ஊர் வெபர் மைதானத்தில விளையாடுற பொடியனுகளுக்கு அந்தப் பேருக்குப் பின்னால மொன்மார்த்தில ஒரு சின்ன அறை இரிக்கு எண்டு ஆர் சொல்லிக் குடுத்தது?

அதே சபையில இரிந்து வந்த யூஜின் ஹேபியர் சுவாமிய வயசான ஆக்களுக்கு மறக்க ஏலாது, பொடியனுகளுக்கு பாஸ்கெட்போல் பழக்கினவர். 1990ல வாழைச்சேனையில இரிந்து மட்டக்களப்புக்கு வாற வழியில காணாமப் போனார், இண்டைக்கு வரைக்கும் ஒரு முடிவும் தெரியாது. அது நடந்ததும் ஆகஸ்ட் 15. பாரிஸில அந்தச் சிற்றாலயத்துக்கு வெளிய திகதியப் பாத்த நேரம் எனக்கு அழுகை வந்துட்டுது, தம்பிட மகளுக்கு என்ன காரணம் எண்டு விளங்கல்ல, பக்கத்தில இரிந்த பெஞ்சில இரிந்து முழுக் கதையும் சொன்னன். பாரிஸில பிறந்த பிள்ளை, கேட்டுட்டு, ஏன் மாமி இத எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்ல எண்டு கேட்டாள்.

அதால ஆசிரியர் ஐயா, வாற ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வாற இதழில இதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கித் தாங்க. பழைய சுவாமிமாரிட்டப் படிச்சவங்க இன்னும் உயிரோட இரிக்காங்க, அவங்கட வீடுகளில பள்ளிக்கூடத்துப் பழைய போட்டோக்கள் இரிக்கும், கேட்டாத் தருவாங்க. பாரிஸ் போற ஆக்களுக்கும் ஒரு வரி போடுங்க, அந்தச் சிற்றாலயம் எல்லா நாளும் திறந்திராது, விசாரிச்சுப்போட்டுப் போகோணும் எண்டு. பேராலயம் விடிய ஆறரைக்கே திறக்கும், அந்த நேரம் கூட்டம் இல்ல.

இப்படிக்கு,
உங்கட நீண்டகால வாசகி,
புளியந்தீவு, மட்டக்களப்பு.