நாடாவை எடுத்து அளந்து எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பிணிகளுக்கு எடை, பிரஷர் பார்க்கிறார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், எல்லாம் சரி. ஆனால் குழந்தை மாதத்துக்கு ஏற்றபடி வளர்கிறதா என்று நாடா வைத்து அளக்காமல், வயிற்றைத் தொட்டுப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று அனுப்பிவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

24 வாரத்துக்கு மேல், அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை அளந்தால் வரும் சென்டிமீட்டர் ஏறக்குறைய வாரக்கணக்கோடு ஒத்துப்போகும். 32 வாரத்தில் 28 என்று வந்தாலோ, அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு ஏறாமல் நின்றாலோ ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். தொப்புள்கொடியில் ரத்தம் சரியாக ஓடுகிறதா என்பதை டாப்ளர் என்ற ரத்த ஓட்ட ஸ்கேனில் பார்த்துவிடலாம். உடல் பருமனானவர்களுக்கும் இரட்டைக் குழந்தைகளுக்கும் நாடா சரிவராது, அவர்களுக்கு ஸ்கேன்தான். முதல் மூன்று மாதத்து ஸ்கேனை விட்டுவிட்டால் வாரக்கணக்கே தப்பி எல்லாம் குழம்பும்.

“அம்மாவே சின்ன உடம்பு, பிள்ளையும் அப்படித்தான் இருக்கும்” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். சில நேரம் உண்மைதான். ஆனால் நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் வளர்ச்சி தடைபட்ட குழந்தையும் வெளிப்பார்வைக்கு அப்படித்தான் தெரியும், அதைக் கவனிக்காமல் விட்டால் வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து உண்டு. அப்புறம், அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒவ்வொரு பரிசோதனையிலும் இந்த அளவை கர்ப்பிணியின் அட்டையில் எழுதியே ஆக வேண்டும் என்று சுகாதாரத் துறை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், எழுதுகிறார்களா என்று பார்க்கவும் வேண்டும்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்