தடுப்பூசிப் புத்தகம் பத்திரம்!

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் தெருக்களில் தேங்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். அதில் நடந்த நாய்க்கு எலிக்காய்ச்சல் தொற்றினால் கல்லீரல், சிறுநீரகம் இரண்டும் பாதிக்கலாம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நாள்கணக்கில் டிரிப்ஸ் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். வேப்பேரி கால்நடை மருத்துவமனை பக்கத்தில் இருப்பது நம் பேறு. ஆனாலும் ஆட்டோவுக்கும் வெளியே வாங்கும் மருந்துக்கும் கைக்காசுதான்.

அதனால்தான் நாய்க்குக் காப்பீடு எடுங்கள் என்கிறோம், அதுவும் குட்டியாக இருக்கும்போதே. வயது ஏறினால் பெரும்பாலும் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும், பாலிசி தொடங்கிய முதல் சில நாட்களில் வரும் நோய்க்கும் பொதுவாகப் பணம் கிடைக்காது. இறப்புக்கு மட்டுமா, சிகிச்சைக்கும் சேர்த்தா என்று கேட்டபிறகே கையெழுத்துப் போடுங்கள். நாய் யாரையாவது கடித்தால் தரவேண்டிய இழப்பீட்டுக்கும் சில பாலிசிகளில் இடமுண்டு. நெருக்கமான நம் சந்துகளுக்கு அது அவசியம்.

காப்பீட்டுப் பணம் கேட்கும்போது பலரும் கோட்டைவிடுவது தடுப்பூசிப் புத்தகத்தில்தான். மருந்துக் குப்பியின் லேபிள், தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊசி தவறியிருந்தால், அந்த ஊசியால் தடுத்திருக்கக்கூடிய பார்வோ (குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய்) போன்ற நோய்க்கான கோரிக்கையை நிராகரித்துவிடுவார்கள். மாநகராட்சி உரிமத்துக்காக நாயின் தோலுக்கடியில் போட்ட மைக்ரோசிப்பின் எண்ணையே பாலிசியிலும் எழுதச் சொல்லுங்கள். சிகிச்சை பில்லில் நோயின் பெயர் இருக்கட்டும். நாய் இறந்துவிட்டால், பிரேதப் பரிசோதனை தேவையா என்று நிறுவனத்திடம் கேட்டபிறகே அடக்கம் செய்யுங்கள்.

செல்லப்பிராணி வளர்ப்போர்,
பெரம்பூர், சென்னை.