வகுப்புக்கு வந்த பெட்டிகள்

அன்பு மகளுக்கு,

நீயும் உன் அலுவலக நண்பர்களும் சேர்ந்து அனுப்பிய பொருட்கள் நான் பாடம் நடத்தும் வகுப்பில் உண்மையிலேயே பயன்படுகின்றனவா என்று போனில் கேட்டாய். அவசரமாகப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். பணம் போட்டவர்களுக்கு விவரம் தெரிய வேண்டும். அடுத்த முறை என்ன வாங்கலாம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் அந்தக் கணக்குக் கட்டைகள். சின்னக் கனசதுரம் ஒன்று என்றால், அதில் பத்தின் நீளமுள்ள கோல் பத்து. பத்துக் கோல் அகலத்துக்கு ஒரு தட்டை, அது நூறு. பார்க்க அவ்வளவுதான். ஆனால் 42லிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிற குழந்தைகள் ஒவ்வொரு வருடமும் இருப்பார்கள். கவனக்குறைவு என்றுதான் யாருக்கும் தோன்றும். அது கவனக்குறைவே இல்லை. 2லிருந்து 7 போகாது, அதனால் 7லிருந்து 2ஐக் கழித்து 5 போடுகிறார்கள். பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு படித்ததை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். "பக்கத்திலிருந்து கடன் வாங்கு" என்றால் வாங்கவும் செய்வார்கள், எதை வாங்கினோம் என்று தெரியாமலே.

அப்படி 35 எழுதிய ஒரு பெண்ணிடம் கட்டைகளைக் கொடுத்தேன். நான்கு கோல், இரண்டு கனசதுரம் எடுத்து வைத்தாள். ஏழு எடுக்க வேண்டும், இருப்பது இரண்டு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு கோலை டப்பாவில் போட்டுவிட்டுப் பத்துக் கனசதுரங்களை எண்ணி எடுத்தாள். பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. மீதியிருந்த மூன்று கோல்களில் ஒன்று போனால் இரண்டு. 25. நான் எதுவுமே சொல்லவில்லை. அவளே தன் நோட்டைத் திறந்து பழைய விடையை அடித்துவிட்டு எழுதினாள்.

இதை உன் நண்பர்களிடம் கட்டாயம் சொல். நோட்டில் எனக்குத் தெரிவது விடை மட்டும். கட்டையை வைத்துச் செய்யும்போது அந்தக் குழந்தை எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கும் புரிந்துவிடுகிறது. பொருள் குழந்தைக்கு எவ்வளவு உதவுகிறதோ, அதே அளவு எனக்கும் உதவுகிறது.

இன்னொன்று. நீங்கள் எட்டு செட் அனுப்பினீர்கள், 32 பேர் நான்கு நான்கு பேராக உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு செட் வந்திருந்தால் அது என் மேஜையில் இருந்திருக்கும். நான் செய்துகாட்ட, மற்றவர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள். விலை உயர்ந்த ஒரு பொருளைவிட, எல்லோர் கையிலும் எட்டுகிற சாதாரணப் பொருள் மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

வண்ணக் கோல்களும் அப்படித்தான். ஜார்ஜ் குயிசனேர் என்ற பெல்ஜியம் நாட்டு ஆசிரியர் தன் மாணவர்களுக்காக உருவாக்கியவை அவை. 1952ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நீளம்: வெள்ளை ஒரு சென்டிமீட்டர், ஆரஞ்சு பத்து சென்டிமீட்டர். எட்டுக்கான பழுப்புக் கோலுக்குக் கீழே இரண்டு ஊதா சரியாகப் பொருந்தும், நான்கு சிவப்பும் பொருந்தும். அரை, கால் என்று நான் பாடம் தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகள் அதைக் கையால் செய்து முடித்திருந்தார்கள்.

சின்னப் பொருட்களைச் சின்னதாக நினைத்துவிடாதே. இடக்கைக் கத்தரிக்கோல் இரண்டு போட்டிருந்தாயே, அது யாருடைய யோசனை? சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால், விரல்கள் அழுத்துகிற விதத்தில் அலகுகள் விலகிவிடும். காகிதம் வெட்டுப்படாமல் மடங்கும், வெட்ட வேண்டிய கோடும் மறைந்துவிடும். கைவேலை என்றாலே முகம் சுருங்கிப்போகிற ஒரு பையன் என் வகுப்பில் இருக்கிறான். அவன் அன்றைக்கு ஒரு வட்டத்தை முழுசாக வெட்டி எடுத்தான்.

பென்சில்களை நான் யாருக்கும் பெயர் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு டப்பாவில் போட்டு ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஏன் என்று கேட்பதில்லை. வீட்டில் வாங்க முடியாத குழந்தையும், தொலைத்துவிட்டு வந்த குழந்தையும் ஒரே டப்பாவில்தான் கை விடுகிறார்கள். தன் நிலைமையை யாரும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகப் பெட்டியில் பாதி நன்றாக இருந்தது. கதைப் புத்தகங்கள் அலமாரியில் நிற்பதே இல்லை. பழைய கலைக்களஞ்சியங்கள் மட்டும் வேண்டாம் அம்மா. புளூட்டோவை 2006லேயே குறுங்கோள் என்று மாற்றிவிட்டார்கள், அந்தப் புத்தகங்களில் இன்னும் அது ஒன்பதாவது கோள். பழைய உலக உருண்டையில் தெற்கு சூடான் இல்லை, அந்த நாடு பிறந்ததே 2011ல். இதையும் ஒரு பாடமாக்கினேன், எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன், ஆர்வமாகத் தேடினார்கள். ஆனால் அப்படி ஒன்று போதும். அலமாரி நிறைய வந்தால் குழந்தைகள் தப்பான தகவலைத்தான் படிப்பார்கள்.

அதனால் வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். என்னிடம் மட்டுமல்ல, எந்த ஆசிரியருக்குக் கொடுத்தாலும். அமெரிக்காவில் சார்லஸ் பெஸ்ட் என்ற வரலாற்று ஆசிரியர் 2000ல் டோனர்ஸ்சூஸ் என்ற அமைப்பைத் தொடங்கியது இந்த எண்ணத்தில்தான். என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று ஆசிரியரே எழுதுவார். படித்துவிட்டு விரும்புகிறவர்கள் பணம் தருவார்கள். அது பொருளாக வகுப்புக்குப் போய்ச் சேரும். உங்கள் குழுவுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை, ஒரு போன் போதும்.

பிள்ளைகள் பொருட்களைக் கையில் பிடித்து நிற்கிற மாதிரி போட்டோ வேண்டும் என்று உன் நண்பர் கேட்டதாகச் சொன்னாய். அவர் நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறார், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் அனுப்பமாட்டேன். வாங்கிக்கொண்டதற்காக ஒரு குழந்தையை வரிசையில் நிறுத்திச் சிரிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் வெட்டி ஒட்டிய வரைபடங்களையும் கணக்கு நோட்டின் பக்கங்களையும் பெயர் தெரியாமல் படம் எடுத்து அனுப்புகிறேன். காசு எங்கே போனது என்று அதில் நன்றாகவே தெரியும்.

அடுத்த வருடத்துக்கான பட்டியலை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே எழுதி அனுப்புகிறேன். தீர்ந்துபோகிற பொருட்கள்தான் அதில் அதிகம் இருக்கும்: வெள்ளைத்தாள், வண்ணத்தாள், மார்க்கர். கொடுப்பவர்களுக்கு அவை பெரிய பரிசாகத் தெரியாது, ஆனால் வகுப்பில் முதலில் காலியாவது அவைதான். பசைக்குச்சிகளுக்கு மட்டும் பட்டியல் வரும்வரை காத்திருக்காதே, இந்த மாதமே கொஞ்சம் அனுப்பு. இருப்பது பருவம் முடியும்வரை வராது.

அன்புடன்,
அம்மா