ஒரு பவுணுக்கு விற்கப்பட்ட கழகமும் நம்முடைய கழகமும்

கொழும்பு 13,
ஞாயிறு இரவு.

அன்பின் மச்சான்,

எட்டு மாதங்களாக உனக்கு நான் எழுதவில்லை. உன் அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குக்கூட ஒரு வரி எழுதாமல் விட்டது என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். சின்னவள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். நெட்டையன் இன்னும் அதே நெட்டையன்தான். 1994 அரையிறுதியில் நீ தவறவிட்ட அந்தத் தண்ட உதையை வாரம் ஒருமுறையாவது நினைவுபடுத்தாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நம்முடைய உதைபந்தாட்டக் கழகத்தை வாங்குவதற்கு ஒருவர் வந்திருக்கிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை விசேட பொதுக்கூட்டம் நடந்தது. பொருளாளர் என்ற முறையில் கணக்கை நான்தான் வாசித்தேன். ஜேர்சி தைத்துத் தருபவருக்கும், வான்காரருக்கும், சந்தி தேநீர்க் கடைக்கும், மைதான வாடகைக்குமாகச் சேர்த்து நான்கு இலட்சத்துப் பதினாறாயிரம் ரூபாய் கடன் இருக்கிறது. அந்தக் கனவான் அவ்வளவையும் ஒரே காசோலையில் தீர்ப்பதாகச் சொல்கிறார். விளையாட்டு வீரர்களுக்கு இரண்டு வருடங்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு, வெளிநாட்டிலிருந்து ஒரு பயிற்றுநர், புதிய காலணிகள் எல்லாம் தருவாராம். அதற்கு ஈடாக, கழகத்தின் பதிவு அவருடைய தனியார் கம்பனிக்கு மாற்றப்பட வேண்டும். மாஸ்டரின் தகப்பனார் நமக்கு எழுதித் தந்த அந்த நான்கு பேர்ச் காணியும், கிண்ணங்கள் வைத்திருக்கும் அறையும் அதே கம்பனியின் பெயரில் உறுதி முடிக்கப்பட வேண்டும். கடைசி நிபந்தனையைச் செயலாளர் மிக வேகமாக வாசித்தார். எனக்கு மட்டும் அது மிக மெதுவாகக் கேட்டது.

அந்த நேரத்தில் என் மனதில் வந்து நின்றது நீ 2019 ஓகஸ்ட் 28ஆம் திகதி விடியற்காலையில் அனுப்பிய செய்தி. மன்செஸ்டருக்குப் போன புதிதில், பெரிய மைதானங்களின் நுழைவுச்சீட்டு வாங்க வசதியில்லாமல் நீ பக்கத்து ஊரான பெரியின் கிக் லேன் மைதானத்துக்குப் போக ஆரம்பித்ததையும், பெரி கழகத்தின் நீலக் கழுத்துத்துணியோடு படம் எடுத்து அனுப்பியதையும், "யாரடா இந்தப் பெரி?" என்று நாங்கள் எல்லோரும் உன்னைச் சீண்டியதையும் நினைத்தேன். அதற்கு முந்திய நாள்தான் ஊர்ச்சனம் விளக்குமாறும் வாளியும் கொண்டுவந்து இருக்கைகளைக் கழுவிக்கொண்டிருந்தது. கடனில் மூழ்கிய கழகத்தை வாங்க வந்தவர்கள் கைவிடாவிட்டால் சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கை. அன்று இரவே லீக் அந்தக் கழகத்தை வெளியேற்றிவிட்டது. "ஒரு சாவீட்டில் நிற்கிறேன்" என்று மட்டும் நீ எழுதியிருந்தாய். மிகைப்படுத்துகிறாய் என்று அன்று நான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அதனால் இந்த ஒரு வாரமாக இரவிரவாக உட்கார்ந்து பெரியின் கதையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். 1885இல் தொடங்கிய கழகம். 1900இலும் 1903இலும் இங்கிலாந்தின் எப்.ஏ. கிண்ணத்தை வென்ற கழகம். 1903 இறுதியாட்டத்தில் டார்பியை 6-0 என்று வென்றது. இரண்டு உலகப் போர்களையும் தாண்டி வந்த அந்தக் கழகத்தைக் கொன்றது தோல்வி அல்ல. ஒரு உரிமையாளர் வருமானத்துக்கு மீறிச் சம்பளம் கொடுத்தார், மைதானத்தை அடமானம் வைத்துக் கடன் எடுத்தார். பிறகு, 2018 டிசம்பரில், ஒரேயொரு பவுணுக்குக் கழகத்தை இன்னொருவருக்கு விற்றார். வாங்கியவரோ, பெரியில் ஒரு உதைபந்தாட்டக் கழகம் இருந்ததே தனக்குத் தெரியாது என்று பின்னர் தன் வாயாலேயே சொன்னார். ஒரு பவுண் என்பது விலையே அல்ல என்பதைக் கணக்கு எழுதுகிறவர்கள் உடனே அறிந்துகொள்வார்கள். வாங்குபவர் சொத்தோடு சேர்த்துக் கடனையும் வாங்குகிறார் என்பதும், அந்தக் கடனைத் தீர்க்க அவரிடம் பணம் இருக்கிறதா என்று எவரும் உரிய நேரத்தில் கேட்கவில்லை என்பதுமே அதன் பொருள்.

என்னை அதிகம் பாதித்தது இன்னொன்று. வெளியேற்றப்படுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், 2019 வசந்தத்தில், சம்பளம் தாமதமாகிக்கொண்டிருந்த அதே அணி மேல்நிலைக்குத் தரமுயர்ந்தது. மக்கள் தெருவில் ஆடினார்கள். லீட்ஸ் யுனைட்டெட்டையும் பார். 2001இல் சம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. அதே ஆண்டில், வருங்கால நுழைவுச்சீட்டு வருமானத்தை ஈடாகக் காட்டி 60 மில்லியன் பவுண் கடன் எடுத்தது. 2004இல் முதற்பிரிவிலிருந்து இறங்கியது. 2007இல் மூன்றாம் பிரிவில் கிடந்தது. போர்ட்ஸ்மத் 2008இல் எப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கியது, 2010 பெப்ரவரியில் வங்குரோத்து நிர்வாகத்தின் கீழ் வந்தது. தண்டனையாக ஒன்பது புள்ளிகள் வெட்டப்பட்டன. அந்த ஒரே பருவகாலத்தில் நான்கு பேர் அதற்கு உரிமையாளர்களாக இருந்தார்கள்! மச்சான், இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் கொண்டாட்டம்தான் முதலில் வருகிறது. கிண்ணம் கையில் இருக்கும்போது பொருளாளரின் கணக்குப் புத்தகத்தை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

போர்ட்ஸ்மத்துக்குப் பணம் கொடுக்கவேண்டியிருந்தவர்களின் பட்டியலில் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் அமைப்பும் இருந்தது. மைதான ஓரத்தில் நின்று முதலுதவி செய்கிற தொண்டர்கள். இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் விதிப்படி, கழகம் விழுந்தால் வீரர்களுக்கும் மற்றைய கழகங்களுக்கும் உரிய பணம் முழுமையாகக் கொடுக்கப்பட வேண்டும். அன்று இறைவரித் திணைக்களத்துக்கும், அச்சகக்காரருக்கும், முதலுதவிக்காரருக்கும் உரியது எஞ்சியதில் ஒரு துண்டாகத்தான் இருந்தது. இதை வாசித்துவிட்டு நம்முடைய கடன் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தேநீர்க் கடைக்காரருக்கு நாம் கொடுக்கவேண்டியது முப்பத்தெட்டாயிரம். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காதவருக்கே கடைசியில் கிடைக்காமல் போகிறது.

காணி உறுதியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று நெட்டையன் கேட்டான். டார்பி கவுண்டியின் உரிமையாளர் 2018இல் கழகத்தின் மைதானத்தைத் தன்னுடைய இன்னொரு கம்பனிக்கே 80 மில்லியன் பவுணுக்கு விற்று, ஏட்டில் இலாபம் காட்டினார். 2021இல் கழகம் விழுந்தது. மொத்தம் 21 புள்ளிகள் வெட்டப்பட்டு மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. கழகத்தைக் காப்பாற்ற ஊர் வர்த்தகர் ஒருவர் வந்தபோது கழகத்தை மட்டும் வாங்கினால் போதவில்லை. மைதானத்தையும் வேறாக மீட்கவேண்டியிருந்தது. ஷெபீல்ட் வெட்னஸ்டேயின் மைதானமும் அப்படித்தான் உரிமையாளரின் கைக்குப் போனது. 1867இல் தொடங்கிய அந்தக் கழகம் 2025 ஒக்டோபரில் பன்னிரண்டு புள்ளிகளை இழந்து வங்குரோத்து நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆட்டம் நடக்கும் நிலமும் ஆடும் கழகமும் இரண்டு பைகளுக்குள் போன பிறகு, கழகம் தன் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருப்பவர் போல ஆகிவிடுகிறது. நான்கு பேர்ச் என்றாலும் கொட்டாஞ்சேனையில் இன்றைக்கு அதன் பெறுமதி என்னவென்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நம்முடைய கடனை விடப் பல மடங்கு. அந்தக் கனவான் நம்முடைய முன்கள வீரரைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தாரா, அந்த மூலைக் காணியைப் பார்த்து வந்தாரா என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கூட்டத்தில் நான் இந்த விற்பனைக்கு எதிராகப் பேசினேன். அப்போது எழுந்த கேள்விக்கு இன்னும் என்னிடம் விடை இல்லை. நம்முடைய வலது முன்கள வீரன், இருபத்தொரு வயது, புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவன், எழுந்து மிக மரியாதையாகக் கேட்டான்: "அங்கிள், உங்களுக்கு ஓய்வூதியம் வருகிறது. எனக்கு இரண்டு வருடம் சம்பளம் கிடைத்தால் என் தங்கச்சியைப் படிப்பிப்பேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு நடப்பதை ஏன் இப்போதே யோசிக்கவேண்டும்?" நான் உட்கார்ந்துவிட்டேன். 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தபோது வேலை இழந்த பிள்ளைகளில் அவனும் ஒருவன். 2023இல் உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா ஏழு மாதங்கள் நம் நாட்டைத் தடைசெய்து வைத்தபோதும், எப்போது மறுபடி ஆடலாம் என்று அவனைப் போன்றவர்கள்தான் என்னிடம் வந்து கேட்டார்கள். பெரியின் கதையை அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது? இருந்தும் சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெரியின் வீரர்களுக்கும் சம்பள வாக்குறுதி இருந்தது. கடைசி மாதங்களில் வாக்குறுதி மட்டுமே இருந்தது.

வாக்கெடுப்பு ஒரு மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்குள் ஒரு மாற்றுத் திட்டத்தைக் கொண்டுவரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போர்ட்ஸ்மத்தில் 2013இல் ரசிகர்கள் ஆளுக்கு ஆயிரம் பவுண் பங்கு போட்டுக் கழகத்தைத் தாங்களே வாங்கினார்கள், நான்காம் பிரிவிலிருந்து தூக்கிவிட்டார்கள். பழைய மைதானத்தைத் திருத்தத் தங்களிடம் பணம் போதாது என்று கண்டு 2017இல் விற்றதும் உண்மைதான். ஆனால் யாருக்கு, என்ன நிபந்தனையில் விற்பது என்பதை அவர்களே வாக்களித்துத் தீர்மானித்தார்கள். உன் பெரியிலும் ரசிகர்கள் கிக் லேனை மீட்டு, 2023இல் ஒன்பதாம் பிரிவிலிருந்து மறுபடி ஆடத் தொடங்கினார்கள் அல்லவா?

என் திட்டம் இதுதான். காணியைப் பழைய வீரர்களின் நம்பிக்கைப் பொறுப்பின் கீழ் எழுதிவிட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு அங்கத்தவர்கள் கையொப்பமிடாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்று அதில் இருக்கவேண்டும். அதன் பிறகு அந்தக் கனவான் விரும்பினால் அனுசரணையாளராக வரலாம், ஜேர்சியில் தன் பெயரைப் போடலாம், பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்கலாம். கடனைத் தீர்க்க, வெளிநாட்டிலும் உள்ளூரிலும் இருக்கும் நம் காலத்து ஆட்கள் ஆளுக்கு இருபத்தையாயிரம் ரூபாய் போட்டால், பதினேழு பேர் போதும். பதினொரு பெயர்களை எழுதிவிட்டேன். உன்னையும் கேட்காமலே சேர்த்துவிட்டேன். கனடாவில் இருக்கும் இரட்டையர்களிடம் நீதான் பேசவேண்டும். என்னோடு அவர்கள் கோபம், ஏன் என்று உனக்குத் தெரியும்.

இன்னும் ஒரு உதவி. அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டக்கூடிய விதமாக, நீ கிக் லேனில் அன்று கண்டதை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பு. வாளியோடு வந்தவர்கள் யார், அன்று இரவு வாயிற்கதவடியில் நின்றவர்கள் என்ன பேசினார்கள், அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நீ எங்கே போனாய் என்பதையெல்லாம் விடாமல் எழுது. புத்தகத்தில் படித்ததை நான் சொல்வதற்கும், அங்கே நின்றவன் சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. அந்தப் பையன் முன்வரிசையில் இருப்பான். அவனுக்காக எழுதுவதாக நினைத்து எழுது.

தேநீர்க் கடைக்காரரின் முப்பத்தெட்டாயிரத்தை நாளைக் காலையில் என் கையிலிருந்து கொடுத்துவிடப் போகிறேன். இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீ தொலைபேசியில் பேசும்போது வாய் தவறிவிடாதே.

உன் பதிலை எதிர்பார்த்து,
என்றும் உன்,
குட்டி